வில்ஸ் உலகக் கோப்பையும் ஒத்தை சிகரெட்டும்

எங்கள் கல்லூரி மதில் சுவரில் ஒரு மஞ்சள் பலகை இருக்கிறது. இங்கிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருக்கும். அந்தப் பலகைக்கு நேர் எதிரே ரோட்டைத் தாண்டினால் டீக்கடை. கடையின் தூணில் ஒரு லைட்டரை நூலில் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். (முன்பெல்லாம் புகைந்துகொண்டே இருக்கும் கயிறு தொங்குமாம்.) போன வாரம் காஸ்டிங் வகுப்பு கேன்சல் ஆன நேரத்தில் பலகையிலிருந்து அந்த லைட்டர் வரை நடந்து எண்ணினேன். முப்பத்தெட்டு அடி எடுத்து வைத்தேன். 100 கெஜம் என்றால் ஏறத்தாழ 91 மீட்டர். கணக்கு உங்களுக்கே புரியும்.

இந்தப் பலகை எப்படி வந்தது, வந்தும் ஏன் இப்படி நிற்கிறது என்று தேடப் போனபோதுதான் இந்தக் கட்டுரை உருவானது. நான் வரலாறு படிப்பவன் இல்லை, பி.காம். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

என் சித்தப்பாவிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். 1996-ல் அவர் பிளஸ் ஒன். அந்த வருஷம் உலகக் கோப்பை இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் நடந்தது. பெங்களூர் கால் இறுதியில் ஜடேஜா வக்கார் யூனிஸை விளாசியதையும், ஈடன் கார்டன் அரை இறுதியில் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியதையும் அவர் இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வார். அந்தப் போட்டியின் பெயர் என்ன தெரியுமா? வில்ஸ் உலகக் கோப்பை. ஒரு சிகரெட்டின் பெயர். பெப்சி, கோக் சண்டை மாதிரி அதுவும் ஒரு கம்பெனி பெயர் என்றுதான் பசங்க நினைத்தார்களாம். சித்தப்பா முதன்முதலில் பிடித்ததும் வில்ஸ்தான். ஏன் அது என்று கேட்டேன். "வேற பேரு தெரியாதுடா" என்றார்.

விளம்பரத்துக்காகக் கோடிக்கணக்கில் கொட்டுகிறார்களே, திரும்பி என்ன வரும் என்று மார்க்கெட்டிங் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சித்தப்பாவின் அந்த மூன்று வார்த்தைதான் பதில்.

கம்பெனியின் கதை ரொம்பப் பழையது. 1910-ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா என்று தொடங்கியது. 1970-ல் இம்பீரியல் போய் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆனது. 1974-ல் ஐ.டி.சி. என்று சுருங்கியது. பெயரிலிருந்து முதலில் வெள்ளைக்காரன் போனான், அப்புறம் புகையிலை போனது :-)

அதே காலத்தில்தான் அரசும் முதல் அடி எடுத்து வைத்தது. 1975-ல் சிகரெட் சட்டம் வந்தது. பாக்கெட்டிலும் விளம்பரத்திலும் புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சிட வேண்டும். அவ்வளவுதான். விளம்பரத்துக்குத் தடை இல்லை, வயது வரம்பு இல்லை. பீடி அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. அதாவது நாட்டில் அதிகம் பேர் பிடிப்பதை விட்டுவிட்டு சிகரெட்டுக்கு மட்டும் எச்சரிக்கை!

தூர்தர்ஷனும் வானொலியும் சிகரெட் விளம்பரத்தை ஏற்பதில்லை என்று விதி வைத்திருந்தன. அப்புறம் எப்படி வில்ஸ் வீட்டுக்குள் வந்தது? இங்கேதான் கிரிக்கெட். 1977-78 சீசனிலிருந்தே உள்நாட்டில் வில்ஸ் டிராபி நடந்தது. நேரடி ஒளிபரப்பு பெருகியதும் வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. மைதானத்துப் பலகையில் பெயர், கோப்பையில் பெயர், கடைசியில் இந்திய அணியின் சட்டையிலேயே பெயர். விளம்பர இடைவேளையில் வராதது ஆட்டம் முழுக்க வந்தது. பத்து வயதுப் பையன் தன் ஹீரோவின் நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிப்பான் இல்லையா? கோவாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஒரு ஆய்வு 1996-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. புகையிலை கெடுதல் என்று நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்கூட, ஸ்பான்சர் செய்த கிரிக்கெட்டைப் பார்த்து, புகைக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நம்பி, பிடித்துப் பார்க்கத் துணிகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். எனக்கு இதில் உறைத்த விஷயம், அவர்களுக்குத் தெரியாமல் இல்லை என்பதே. பாக்கெட்டில் இருந்த எச்சரிக்கையைச் சித்தப்பாவும் படித்திருக்கிறார்.

அடுத்து நீதிமன்றங்கள் முந்திக்கொண்டன. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்தது. 2001 நவம்பர் 2-ம் தேதி, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், பஸ், ரயில் என்று பட்டியல் போட்டு நாடு முழுக்கத் தடை விதித்தது. இதற்கு நடுவே 2000-ல் கேபிள் டிவியிலும் புகையிலை விளம்பரம் நிறுத்தப்பட்டது. 2001 தொடக்கத்தில் விளம்பரத்தையும் ஸ்பான்சரையும் தடுக்கும் மசோதா வரப்போகிறது என்று அரசு அறிவித்ததும் ஐ.டி.சி. தானே கிரிக்கெட்டிலிருந்து விலகியது. அணியின் சட்டையில் சகாரா ஏறியது. வில்ஸ் என்ற பெயர் மறைந்ததா என்றால் இல்லை. 2000-லேயே அது துணிக்கடையாகி இருந்தது. வில்ஸ் ஸ்போர்ட், பிறகு வில்ஸ் லைஃப்ஸ்டைல். நேரடியாக விற்க முடியாத பெயரை வேறு சரக்கில் ஒட்டி உயிரோடு வைப்பதற்கு எங்கள் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு, மறைமுக விளம்பரம். பரீட்சையில் ஐந்து மார்க்.

2003-ல் வந்ததுதான் கோட்பா என்று சுருக்கமாகச் சொல்லும் சட்டம். எங்கள் மஞ்சள் பலகையின் தாய். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது. 2004 மே 1 முதல் நடைமுறை. கெஜக் கணக்கு மட்டும் அந்த டிசம்பரில் வந்தது. விளம்பரத் தடையிலும் ஒரு சந்து விட்டார்கள், கடையின் உள்ளேயும் வாசலிலும் வைக்கலாம் என்று. பெட்டிக்கடைக்கு வாசல்தானே கடை! மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. ஒரு நாள் வியாபாரத்தில் அது எந்த மூலைக்கு?

நம்ம ஊர்க் கதை இல்லாமல் முடியாது. 2002-ல் பாபா வந்தபோது பா.ம.க. நடத்திய போராட்டமும், படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் அனைவருக்கும் தெரியும். தியேட்டரில் ரகளை செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஸ்டைலைப் பார்த்து எத்தனை பேர் கண்ணாடி முன் நின்று பழகியிருப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. 2004-ல் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சரானதும், சினிமாவில் புகைக்கும் காட்சியே கூடாது என்று 2005-ல் ஆணை வந்தது. சினிமாக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடையில் 2007-ல் சிவாஜி படத்தில் ரஜினி சூயிங்கம்மைத் தூக்கிப் போட்டார். நீதிமன்றத்தில் தோற்ற வாதம் திரையில் பாதி ஜெயித்தது என்று சொல்லலாம். 2012-லிருந்து படம் தொடங்குமுன் வரும் எச்சரிக்கைப் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தியேட்டரில் பசங்க அதைச் சேர்ந்து ஒப்பித்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

பலன் இல்லை என்று சொல்வது தவறு. 2009-10-ல் 15 முதல் 24 வயதுக்காரர்களில் 18.4 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17 கணக்கெடுப்பில் அது 12.4. தொடங்கும் சராசரி வயதும் 17.9-லிருந்து 18.9 ஆனது. ஒரு வருஷம்தானே என்று தோன்றும். பிளஸ் டூ முடித்து முதல் வருஷம் கல்லூரி வருகிற வயது அது. அதாவது டீக்கடை வாசல் வரை தள்ளிப் போயிருக்கிறது.

ஏன் அங்கே வந்து நிற்கிறது? என் யூகம், ஒத்தை சிகரெட். 2009-ல் பாக்கெட்டில் படத்துடன் எச்சரிக்கை வந்தது, 2016 ஏப்ரலில் அது இருபக்கமும் 85 சதவீதம் ஆனது. நல்லதுதான். ஆனால் ஒன்று மட்டும் வாங்குகிறவன் கையில் பாக்கெட் வருவதே இல்லை! கடைக்காரர் உருவி நீட்டுகிறார், அவ்வளவுதான். வரியும் அப்படித்தான். நம் நாட்டில் சிகரெட் வரியை நீளத்தை வைத்துப் போட்டார்கள். 2012-ல் 65 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஃபில்டர் சிகரெட்டுக்குத் தனிப் படி வந்ததும், 64 மில்லிமீட்டர் சிகரெட் சந்தைக்கு வந்துவிட்டது. இது காஸ்டிங் வாத்தியார் பாராட்ட வேண்டிய வேலை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் செஸ் நீளத்தைப் பார்த்தே போடப்பட்டது. வரி ஏறி பாக்கெட் விலை கூடினாலும், ஒத்தையாக வாங்குகிறவனுக்கு அது ஒன்றிரண்டு ரூபாய். ஒத்தை விற்பனையைத் தடுக்கவும் வயதை 21 ஆக்கவும் 2015-ல் மத்திய அரசு வரைவு வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. மகாராஷ்டிரம் 2020 செப்டம்பரில் தன் அளவில் ஒத்தை விற்பனைக்குத் தடை போட்டது.

இன்னொரு பக்கம், ஐ.டி.சி. பங்குகளில் சுமார் 15 சதவீதம் எல்.ஐ.சி. கையில் இருக்கிறது. சித்தப்பா எல்.ஐ.சி.யில் பாலிசி எடுத்திருக்கிறார். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். சிகரெட்டுக்கும் அவர்தான் பணம் கொடுத்தார், பிரீமியமும் அவர்தான் கட்டுகிறார். இதை எந்த லெட்ஜரில், டெபிட் பக்கமா கிரெடிட் பக்கமா எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தெட்டு அடி எண்ணிய அன்று கடைக்கார அண்ணனிடமே கேட்டேன், இந்தப் பலகை தெரியுமா என்று. தெரியும் என்றார். சிகரெட்டில் அவருக்கு நிற்பது சில்லறைக் காசுதானாம். "அப்ப விட்டுடலாமேண்ணே?"

டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தம்மு இல்லேன்னா டீக்கும் ஆள் வராது தம்பி."

பின்னால் என் வகுப்புப் பையன் ஒருவன் நூலில் தொங்கிய லைட்டரை இழுத்துக்கொண்டிருந்தான்.