6 பவுண்டர்: கடைசல் பட்டறை தீர்மானித்த ஒரு பீரங்கி

பீரங்கிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எத்தனை கஜத்தில் எத்தனை மில்லிமீட்டர் இரும்பைத் துளைத்தது என்ற அட்டவணையில்தான் தொடங்குவார்கள். பிரிட்டனின் 6 பவுண்டர் டாங்கி எதிர்ப்பு பீரங்கிக்கு அந்த முறை பொருந்தாது. அது எப்போது போர்க்களம் வந்தது, எவ்வளவு நீளக் குழலோடு வந்தது என்ற இரண்டையும் தீர்மானித்தது தொழிற்சாலைக் கடைசல் இயந்திரம்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல் பிரிட்டிஷ் தரைப்படையிடம் இருந்தது 2 பவுண்டர். குழல் விட்டம் 40 மி.மீ., குண்டின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அன்றைய டாங்கிகளுக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் டாங்கிக் கவசம் தடித்துக்கொண்டே போகும் என்பதைக் கணித்து, ஊல்விச் ஆயுதசாலை 1938-லேயே 57 மி.மீ. பீரங்கியை வரையத் தொடங்கிவிட்டது. அந்த விட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் சிக்கனம். கடற்படை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே 57 மி.மீ. பீரங்கிகளை வைத்திருந்ததால், அதற்கான கருவிகள் கைவசம் இருந்தன. குழலின் வடிவமைப்பு 1940-இல் முடிந்தது. வண்டிச் சட்டம் முடிய 1941 ஆயிற்று.

இதற்கிடையில் டன்கர்க் நேர்ந்தது. பிரான்சிலிருந்து ஆட்களை மீட்டு வந்த பிரிட்டன், கனரக ஆயுதங்களில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவந்தது. ஜெர்மானியர் எந்த நாளும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வரலாம் என்ற நிலை. புதிய பீரங்கிக்காகத் தொழிற்சாலைகளை மாற்றியமைத்தால் பல மாதங்களுக்கு உற்பத்தி படுத்துவிடும். ஆகவே பழைய 2 பவுண்டரையே தொடர்ந்து செய்யச் சொன்னார்கள். பின்னாளில் பலர் இந்த முடிவைக் கடிந்திருக்கிறார்கள். 1940 கோடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு வேறு முடிவு எடுக்க முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்தார்கள். 2 பவுண்டரின் எல்லைக்கு வெளியே நின்றபடி ஜெர்மன் டாங்கிகள் வெடிகுண்டுகளாலும் இயந்திரத் துப்பாக்கிகளாலும் பீரங்கிக்காரர்களைக் கொன்றன. அந்தக் குறையை ஈடுகட்ட 25 பவுண்டர் களப் பீரங்கிகளை டாங்கிகளுக்கு எதிரே நிறுத்தியதால், காலாட்படைக்குத் துணையாகச் சுட வேண்டிய பீரங்கிகள் சிதறிப்போயின.

6 பவுண்டரின் முழு உற்பத்தி 1941 நவம்பரில்தான் தொடங்கியது. அப்போதும் நீளக் குழலைக் கடைய ஏற்ற இயந்திரங்கள் போதவில்லை. எனவே விட்டத்தைப்போல 50 மடங்கு இருக்க வேண்டிய குழல் 43 மடங்காகக் குறுகியது. இதே பீரங்கியை எம்1 என்ற பெயரில் செய்த அமெரிக்காவுக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை; அவர்கள் முழு நீளத்தையே வைத்துக்கொண்டார்கள்.

1942 மே மாதம் வட ஆப்பிரிக்காவின் கஸாலாவில் களமிறங்கிய 6 பவுண்டர், தன்னை நிரூபித்தது அதே ஆண்டு அக்டோபரில், எல் அலமைனில். 26-ஆம் தேதி இரவு லெப்டினன்ட் கர்னல் விக்டர் டர்னரின் ரைஃபிள் பிரிகேட் பட்டாலியன், 19 பீரங்கிகளோடு 'ஸ்னைப்' என்று குறிப்பெயரிட்ட ஒரு மணல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. விடிந்தபின் பார்த்தால் சுற்றிலும் எதிரி. சக்கரங்கள் மணலில் புதைய, குழல் தரையை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது; தாழ்வான அந்த உருவமே அதற்குக் காவலாயிற்று. பிற்பகலில் சார்ஜென்ட் சார்லஸ் காலிஸ்டனின் பீரங்கியை நோக்கி இத்தாலிய டாங்கிகள் வந்தன. ஏறக்குறைய 200 கஜம் நெருங்கவிட்டுச் சுட்டார். குண்டு தீர்ந்துபோகவே, லெப்டினன்ட் டாம்ஸ் ஜீப்பில் போய் வேறொரு பீரங்கியின் குண்டுகளை அள்ளி வந்தார். ஜீப் தீப்பற்றியது, குண்டுகளைக் கையால் இறக்கினார்கள். டர்னரின் தலையில் காயம். எஞ்சிய மூன்று டாங்கிகளையும் வீழ்த்திவிட்டு, எரிந்துகொண்டிருந்த ஜீப்பின் சூட்டிலேயே காலிஸ்டன் தேநீர் போட்டார். பின்னர் களத்தை ஆராய்ந்த குழு, தாமே நகரும் கவசப் பீரங்கிகள் உட்பட 37 கவச வண்டிகள் அழிந்ததாக முடிவு செய்தது. டர்னருக்குப் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

ஆனால் எதிரியும் சும்மா இருக்கவில்லை. 1943 ஜனவரி இறுதியில் டுனீசியாவின் ரோபா அருகே 6 பவுண்டர்கள் ஜெர்மனியின் டைகர் டாங்கிகளை வீழ்த்தின என்பது உண்மைதான். ஆனால் அந்த டாங்கியின் முன்கவசம் 100 மி.மீ.; பக்கவாட்டு தெரியும்வரை மறைந்திருப்பதே பிழைக்கும் வழி. பீரங்கியின் ஆயுளை நீட்டித்தது அதன் குண்டு. பெர்முட்டர், காப்பாக் என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கிய குண்டில், மெல்லிய டங்ஸ்டன் கார்பைடு உள்தண்டைச் சுற்றி இலேசான உறை இருக்கும். குழலைவிட்டு வெளியேறியதும் உறை கழன்று விழ, வினாடிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் வேகத்தில் தண்டு மட்டும் பாயும். 1944-இல் நார்மண்டிக் களத்தில் இக்குண்டு பயன்பட்டது. குழல் அதேதான், வலிமைதான் புதிது.

எடை இன்னொரு சாதகம். 6 பவுண்டர் 1,140 கிலோ. அச்சைக் குறுக்கியதும் ஹார்சா கிளைடர் விமானத்துக்குள் ஏறியது. தரையிறங்கியதும் ஜீப் இழுத்தது. 1944 செப்டம்பர் 20 அன்று, நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் அருகே ஊஸ்டர்பீக்கில், கிளைடரில் வந்திறங்கிய படையைச் சேர்ந்த ஜான் பாஸ்கிஃபீல்ட் தன் குழு முழுதும் வீழ்ந்தபின்னும் தனியாளாகச் சுட்டார். அந்தப் பீரங்கியும் செயலிழக்க, ஆள் இல்லாமல் கிடந்த மற்றொன்றுக்கு ஊர்ந்துபோய்ச் சுட்டு இறந்தார். இறப்புக்குப்பின் அவருக்கும் விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. பர்மாவில் டாங்கிகள் அபூர்வம். அங்கே ஜப்பானியரின் பதுங்கு குழிகளை உடைப்பதே இதன் வேலை.

அடுத்து வந்த 17 பவுண்டர் கவசத்தைத் துளைப்பதில் பல படி மேல். ஆனால் எடை மூன்று டன். ஆட்கள் தள்ளி நகர்த்தும் காலம் அதோடு முடிந்தது. போருக்குப்பின் உதைப்பில்லாப் பீரங்கிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. வெடிமருந்து வாயுவின் ஒரு பகுதியைப் பின்புறம் வெளியேற்றி உதைப்பைச் சமன்செய்ததால் கனத்த சட்டம் தேவைப்படவில்லை. 106 மி.மீ. என்று பெயரிடப்பட்ட (உண்மையான குழல் விட்டம் 105 மி.மீ.) அமெரிக்க எம்40-இன் எடை 210 கிலோ மட்டுமே. 1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் போரின்போது கேம்கரண் பகுதியில் இந்திய வீரர் அப்துல் ஹமீது பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைச் சுட்டது, ஜீப்பின் மேல் ஏற்றிய அத்தகைய பீரங்கியால்தான்.