வேடந்தாங்கல் கவுலும் நம் படகுச் சவாரியும்



வருகிற ஜனவரியில் சங்கத்தின் சுற்றுலாவாக மாமல்லபுரம் போகலாம், வழியில் காயலில் படகுச் சவாரியும் செய்யலாம் என்று பொதுக்குழுவில் பேசினோம். முடிவெடுக்கும் முன் நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று அவர் 1798-இல் 'கவுல்', அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்தது.

ஊராருக்கு இதில் லாபமும் உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். துப்பாக்கிக் குண்டு மட்டுமல்ல, சத்தமும் பறவையை விரட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை.

இனி கடற்கரைக்கு வருவோம். முட்டுக்காடு, மாமல்லபுரம் வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாய்க்கு 1878-இல் அந்தப் பெயர் வந்தது. அந்தக் காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் மெதுவாகக் கொண்டு போனார்கள். 1984-இல் முட்டுக்காட்டில் படகுக் குழாம் வந்தது. இன்று நம் கடற்கரைக் காயல்களில் மோட்டார் படகுகள் ஓடுகின்றன.

குளிர்காலத்தில் வெகுதூரத்திலிருந்து வரும் உள்ளான்களும், பூநாரை போன்றவையும் இந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் இரை தேடுகின்றன. படகு நெருங்கும்போது பறவை முதலில் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கும். பிறகு நடந்து விலகும். இன்னும் நெருங்கினால் பறந்துவிடும். வேகமாக, சத்தத்தோடு, நேராக வரும் படகுக்கு அது அதிகம் மிரளும்.

ஒரு தடவை பறந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். 35 வருடம் வங்கியில் வரவு செலவு எழுதியவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன். இரை வரவு, பறப்பது செலவு. பறக்கும் நேரத்தில் வரவும் நின்றுவிடும். நாள் முழுவதும் படகு வந்துகொண்டே இருந்தால் கணக்கில் மிச்சம் எதுவும் நிற்காது. ஊர் திரும்பும் நீண்ட பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு சேர்க்கவேண்டிய பறவைக்கு இது பெரிய நஷ்டம்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். சில வருடங்களுக்கு முன் பேத்தியோடு வேறொரு ஊர்க் காயலில் மோட்டார் படகில் போனபோது, போட்டோ எடுக்க, "இன்னும் கிட்டப் போங்க தம்பி" என்று வற்புறுத்தினேன். கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்தது. நான் கை தட்டினேன். பேத்தி மட்டும், "ஏன் தாத்தா, அதுங்க சாப்பிட்டுட்டு இருந்துச்சே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மீனவர் பிழைப்புக்காகப் படகு எடுக்கிறார். நாம் போவது பொழுதுபோக்குக்கு. ஆகவே துடுப்புப் படகில் போவோம். பறவைக் கூட்டம் தெரிந்தால் தூரத்திலேயே விலகிக்கொள்வோம். என்னிடம் பைனாகுலர் ஒன்று இருக்கிறது. வைத்திருக்கும் மற்றவர்களும் கொண்டு வந்தால் பிள்ளைகள் முறை வைத்துப் பார்க்கலாம். அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.