"யார் வீட்டுப் பிள்ளை?" முதல் "என்ன செய்தீர்கள்?" வரை: விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்த கேள்விகளின் வரலாறு

ஹேவ்லாக் தீவில் ஒருவரிடம் பூர்வீகத்தைக் கேட்டால், விடை பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருக்கும். ரிட்சி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் ஒரு காலத்தில் வழங்கிய அகா-பலே மொழி, அதைப் பேசிய அந்தமானியப் பழங்குடியினருடன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மறைந்துவிட்டது. இன்றைய குடிகளின் கதை 1950களில் தொடங்குகிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏதிலிகளாக வந்த குடும்பங்கள் அப்போது இங்குக் குடியமர்த்தப்பட்டன. காடு திருத்தி நெல்லும் தென்னையும் கமுகும் பயிரிட்ட அவர்களுடைய ஊர்கள் கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்றெல்லாம் பெயர் பெற்றன. 2018 டிசம்பரில் தீவுக்கே சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது; பேச்சு வழக்கில் இன்னும் ஹேவ்லாக்தான்.

இன்று தீவின் பொருளியல் பெருமளவு சுற்றுலாவைச் சார்ந்திருக்கிறது. தங்கும் விடுதி அறைகள், படகுப் பயணங்கள், ஸ்கூபா முக்குளிப்பு ஆகியவை இங்கு விற்கப்படுகின்றன. விற்பவர்களில் தீவிலேயே பிறந்த வங்காளக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு; போர்ட் பிளேயரிலிருந்து வரும் தமிழரும் தெலுங்கரும் உண்டு; பருவந்தோறும் இந்தியப் பெருநிலத்திலிருந்து வந்து போவோரும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முதல் நான்கு தாய்மொழிகள் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு. இவர்களுள் ஒருவரை விற்பனைப் பணிக்கு அமர்த்த விரும்பும் முதலாளிக்கு, விண்ணப்பதாரரின் ஊரையும் குடும்பத்தையும் அறிந்து நற்சான்று கூறும் உறவினரோ பெரியவரோ அருகில் இருப்பது அரிது. எதிரில் அமர்ந்திருப்பவர் அயலார். அரை மணி நேரமே கையில் இருக்கிறது. எதைக் கேட்டால் அவர் நல்ல விற்பனையாளரா என்பது தெரியும்?

இந்த வினா எழாத ஓர் உலகம் தமிழ் வணிகத்தில் நெடுங்காலம் இருந்தது. அதன் தெளிவான எடுத்துக்காட்டு நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கடல்கடந்த கடைகள். அவர்கள் முதன்மையாக விற்றது பண்டம் அன்று, கடன். எனினும், முதலாளியின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் வாடிக்கையாளரைத் தேடி, எடைபோட்டு, நம்பவைத்து, வரவேண்டியதை வசூலிக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பது இன்றைய விற்பனை மேலாளரின் சிக்கலேதான். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாக மதிப்பிட்டது. அவற்றுள் பலவற்றின் முதலாளிகள் செட்டிநாட்டில் இருந்தார்கள். கடையை நடத்தியவர்கள் முகவர்கள்.

இம்முகவர் நேர்காணலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். சிறு வயதில் பெட்டியடிப் பையனாகக் கடைக்குள் நுழைந்தவர். மனக்கணக்கும் பேரேடும் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பின்னரே கடையைப் பொறுப்பேற்கும் மேலாளாக ஆனவர். பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. தவணை முடிந்ததும் அவர் ஊர் திரும்ப, அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துக் கடையை ஏற்றார். முன்னவரின் தவறு பின்னவரின் கையில் தானாகவே வெளிப்பட்டது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்பது நகரக் கோயில்களைச் சுற்றி அமைந்த உறவு வலை இருந்தது. ஏமாற்றிய முகவருக்கு அடுத்த கடையில் வேலை கிடைப்பது மட்டுமன்று, அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெண் கொள்வதும் கொடுப்பதும்கூடக் கடினமாகும். எனவே "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற ஒரே கேள்வி அங்கு உண்மையாகவே வேலை செய்தது. அது குலப்பெருமையை மட்டும் விசாரிக்கவில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட கண்காணிப்பையும், தவறினால் பிடித்து நிறுத்தும் ஆற்றலையும் சுருக்கமாகக் குறிப்பிட்டது.

இச்சிந்தனை வணிகத்துக்கு மட்டும் உரியது அன்று. ஆட்களைத் தேர்வதற்கென்றே திருக்குறள் ஒதுக்கியிருக்கும் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் இரு குரல்கள் அருகருகே ஒலிக்கின்றன. ஒரு குரல் நற்குடியில் பிறந்து பழிக்கு நாணுபவரை நம்பச் சொல்கிறது. சுற்றம் இல்லாதவர் பழிக்கு அஞ்சமாட்டார் என்று எச்சரிக்கிறது. மற்றொரு குரல் ஒருவரின் உயர்வையும் தாழ்வையும் அவர் செய்த செயலில் உரைத்துப் பார்க்கச் சொல்கிறது. நகரத்தார் கடையில் இவ்விரண்டும் ஒரே ஆளிடம் பொருந்தின: குடியும் தெரியும், செயலும் தெரியும். இவை பிரிந்துபோகும் இடத்தில் எதை நம்புவது என்பதே பின்வந்த காலத்தின் சிக்கல்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. உறவு வலைக்கு வெளியே பிறந்தவர் எத்தனை திறமையுடையவராயினும், மேலாள் ஆகும் வழி அவருக்கு ஏறத்தாழ அடைபட்டிருந்தது. வலைக்குள் இருந்தவரும் கடை விதித்த அச்சில் வார்க்கப்பட்டவராகவே இருக்க வேண்டும். 1938இல் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்ற ப. சிங்காரம், 'கடலுக்கு அப்பால்' நாவலில் அத்தகையதொரு வட்டிக்கடை உலகைக் காட்டுகிறார். கடையில் வளர்ந்த இளைஞன் போர்க்காலத்தில் படையில் சேர்ந்து திரும்புகிறான். துணிவும் அறிவும் குறையாத அவனை, வணிகத்துக்கு ஒவ்வாதவனாகிவிட்டான் என்று முதலாளி ஒதுக்குகிறார். அவனுடைய செயலைவிட, அவன் எவ்வகை ஆள் என்ற தீர்ப்பே முந்திக்கொள்கிறது.

அயலாரை விற்பனைக்கு அமர்த்தும் தேவை பேரளவில் எழுந்தது அமெரிக்காவில். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம், வாடிக்கையாளரிடம் பேச வேண்டியதை 1887இல் ஒரு கையேடாகத் தொகுத்து, விற்பனையாளர்களை மனப்பாடம் செய்யவைத்தது. 1894இல் அவர்களுக்கெனப் பள்ளியே தொடங்கியது. பேச்சைக் கற்பிக்கலாம் என்றால், யாருக்குக் கற்பிப்பது என்ற வினா எழும். அதற்கு அன்றைய மேலாளர்களின் விடை எளியது: பார்த்தாலே தெரியும்.

பார்த்தால் தெரிவதில்லை என்பதை உளவியலாளர் வால்டர் டில் ஸ்காட் 1915இல் காட்டினார். விற்பனைப் பணிக்கு விண்ணப்பித்த 36 பேரை ஆறு மேலாளர்கள் தனித்தனியே நேர்கண்டு வரிசைப்படுத்தினர். ஒருவர் முதற்பாதியைச் சேர்ந்தவரா, பிற்பாதியைச் சேர்ந்தவரா என்ற அளவில்கூட 28 பேரைப் பற்றி மேலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1922இல் ஹாலிங்வொர்த் வெளியிட்ட ஆய்வில் 12 மேலாளர்களும் 57 விண்ணப்பதாரர்களும் இடம்பெற்றனர். அங்கும் ஒருவர் தலையில் வைத்தவரை மற்றொருவர் கடைசியில் தள்ளினார். ஒரே ஆளைப் பற்றி இத்தனை மாறுபட்ட தீர்ப்புகள் வருமானால், அவை பெரும்பாலும் தீர்ப்பளித்தவரைப் பற்றியவையே. 1916இல் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட்டின் தலைமையில் விற்பனைத்திறன் ஆய்வுப் பிரிவு ஒன்று அமைந்தது. ஆள் தேர்வு என்பது ஆய்வுத்துறை ஆனதன் தொடக்கங்களுள் அது ஒன்று.

கேள்விகளின் வடிவம் மாறுவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1980இல் லேதமும் அவருடைய குழுவினரும் 'சூழல்சார் நேர்காணலை' முன்வைத்தனர்: பணியில் நிகழக்கூடிய ஓர் இக்கட்டைச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. 1982இல் ஜான்ஸ் அதை இறந்த காலத்துக்குத் திருப்பினார்: இத்தகைய இக்கட்டு நேர்ந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? இரண்டுக்கும் அடிப்படை ஒன்று. எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. எவ்வகை விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். நேர்காண்போர் கலந்து பேசுமுன் தனித்தனியே மதிப்பிட வேண்டும். பல தொழில்களை உள்ளடக்கிய சாக்கெட் குழுவினரின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், இவ்வாறு கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.42, போகிறபோக்கில் உரையாடும் நேர்காணலுக்கு 0.19. முன்னதும் பெருந்துல்லியம் அன்று. ஆனால் இரண்டுக்கும் உள்ள தொலைவு, கேள்வியை முன்கூட்டி எழுதிவைப்பதன் பயனைக் காட்டுகிறது.

இந்தியாவில் பழைய கேள்வி மறையவில்லை, பெயர்தான் மாறியது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய கட்டுரை 2007இல் வெளிவந்தது. தகுதியே அளவுகோல் என்று உறுதியாகப் பேசிய மேலாளர்கள், ஏறக்குறைய அனைவருமே, விண்ணப்பதாரரிடம் குடும்பப் பின்னணியைக் கேட்பதாகவும் கூறினர். தந்தையின் தொழில், வளர்ந்த ஊர், உடன்பிறந்தாரின் படிப்பு ஆகியவற்றிலிருந்து ஒழுக்கத்தையும் உழைப்பையும் ஊகித்தனர். செட்டிநாட்டில் இக்கேள்விக்குப் பின்னால் பத்தாண்டுப் பழக்கமும் பொறுப்பேற்கும் சுற்றமும் இருந்தன. பெருநகர அலுவலகத்தில் அவை இல்லை. தகவல் தரும் ஆற்றலை இழந்துவிட்ட கேள்வியிடம் விலக்கிவைக்கும் ஆற்றல் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இதன் நுட்பமான மற்றொரு வடிவம் மொழியில் ஒளிந்திருக்கிறது. பிரித்தானிய விமான நிலையம் ஒன்றின் பணியாளர் உணவகத்தில் பரிமாறிய தெற்காசியப் பெண்களைப் பற்றி ஜான் கம்பர்ஸ் 1982இல் எழுதியது மொழியியல் மாணவர்களுக்கு அறிமுகமானதே. குழம்பு வேண்டுமா என்ற பொருளில் அவர்கள் 'கிரேவி' என்ற ஒற்றைச் சொல்லை இறங்கும் தொனியில் சொன்னார்கள். ஆங்கிலேயர் காதுக்கு அங்கே ஏறுதொனி வேண்டும். இறங்குதொனி, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்பதுபோல் கடுகடுப்பாக ஒலித்தது. பண்பின்மை என்று முத்திரை குத்தப்பட்டது உண்மையில் தொனி வேறுபாடு. வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தீவு இளைஞர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நேர்காணலை எதிர்கொள்ளும்போது, ஒவ்வொரு விடைக்கு முன்னும் அவர் எடுத்துக்கொள்ளும் சிறு இடைவெளி தன்னம்பிக்கைக் குறைவாகப் படிக்கப்படும் ஆபத்து இதுதான். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "இந்தப் பேனாவை எனக்கு விற்றுக்காட்டுங்கள்" போன்ற புகழ்பெற்ற கேள்விகள் அளப்பதும் பெரும்பாலும் நாவின் சரளத்தையே. ஏற்கெனவே சரளம் வாய்த்தவர் அவற்றில் வெல்கிறார்.

சரளம் விற்பனைத்திறன் ஆகுமா என்பதை ஹேவ்லாக்கின் முக்குளிப்புத் தொழிலைக் கொண்டே சோதிக்கலாம். வாடிக்கையாளர் ஒருவர் பணத்தோடு வந்து நிற்கிறார். அவருக்கு ஆஸ்துமா உண்டா, காதில் நோய் உண்டா, போர்ட் பிளேயரிலிருந்து விமானம் எப்போது என்பவற்றை விற்பவர் முதலில் அறிய வேண்டும். கடைசி முக்குளிப்புக்கும் விமானப் பயணத்துக்கும் நடுவே, முக்குளிப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, 12 முதல் 24 மணி நேரம் வரை இடைவெளி விடுவது பாதுகாப்பு நெறி. மாலைப் படகில் போர்ட் பிளேயர் திரும்பி விடியற்காலை விமானம் ஏறப்போகிறவருக்குப் பிற்பகல் முக்குளிப்பை இனிக்கப் பேசி விற்பவர் திறமையான விற்பனையாளர் அல்லர், ஆபத்தானவர். இங்கு நல்ல விற்பனை என்பது கேட்பதில் தொடங்குகிறது. சில வேளைகளில் விற்க மறுப்பதில் முடிகிறது. மேயரும் கிரீன்பெர்கும் 1964இல் விற்பனையாளருக்கு இன்றியமையாதவையாகக் கூறிய இரண்டு பண்புகளுள் ஒன்று, விற்றே தீரவேண்டும் என்ற அகத்தூண்டல். மற்றொன்று பிறர் நிலையை உணரும் ஆற்றல். முதலாவது மட்டும் உள்ளவரிடம் இத்தொழிலை ஒப்படைக்க முடியாது.

ஆகவே இங்குப் பயன்தரும் கேள்விகள் நிகழ்ச்சியைக் கேட்பவையாக இருக்கும். "ஒருவருக்கு விற்க வேண்டாம் என்று நீங்களே முடிவுசெய்த நிகழ்வு எது? அவரிடம் என்ன சொன்னீர்கள்?" "வாங்கியவர் கோபத்தோடு திரும்பி வந்தபோது முதலில் என்ன செய்தீர்கள்?" "நாளை காலை விமானம், இன்றே கடலடியைப் பார்த்தாக வேண்டும் என்று ஒரு குடும்பம் வற்புறுத்துகிறது. அவர்களிடம் எவற்றையெல்லாம் கேட்பீர்கள்?" கடை அனுபவமே இல்லாதவரிடம், மனம் ஒப்பாத ஒருவரை இணங்கவைத்த எந்த நிகழ்ச்சியையும் கேட்கலாம், படகுத்துறையில் பை சுமந்தவருக்கும் சந்தையில் வாழைத்தார் விற்றவருக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும். விடையை அவர் தமக்கு வசதியான மொழியில் சொல்லவிட்டு, வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய மொழியைத் தனியே சோதிப்பதே முறை. விடையில் கவனிக்க வேண்டியது சொல்லழகை அன்று. யார், எப்போது, பிறகு என்ன ஆயிற்று என்ற விவரங்களை. இட்டுக்கட்டிய கதை இரண்டாவது துணைக்கேள்வியிலேயே விவரமின்றி மெலியும்.

வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் தமிழில் 'கேள்' என்ற ஒரே வினையடிதான். திருக்குறளின் 'கேள்வி' அதிகாரம் பேசுவதும் கேட்டறிதலைப் பற்றியே. விற்பனையாளரிடம் தேட வேண்டிய பண்பும், அவரைத் தேடுபவருக்கு வேண்டிய பண்பும் இந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பூர்வீகத்தைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளிக்கு ஹேவ்லாக்கில் ஏதிலிக் குடும்பம் என்ற விடைதான் கிடைக்கும். எழுபதாண்டுகளாக அலையையும் காற்றையும் பார்த்து வளர்ந்த அக்குடும்பத்தின் பேரனுக்கு, இன்று கடலில் இறங்கலாமா கூடாதா என்பது தெரியும். அதை அவனிடம் எவரும் கேட்காவிட்டால், அந்த வேலை பெருநிலத்திலிருந்து சரளமான ஆங்கிலத்தோடு வந்திறங்கும் வேறொருவருக்குப் போய்விடும்.