பேசும் நூல் முதல் பாட்காஸ்ட் வரை: நூலகத்தில் குரலின் வரலாறு

'அமைதி காக்கவும்' என்ற பலகை இல்லாத நூலகத்தை நான் பார்த்ததில்லை. நூலகத்தில் வாய் திறக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே நானும் ஓய்வு பெற்றேன். ஆனால் நூலகங்கள் பேசத் தொடங்கித் தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இணையமும், வலையொலி எனப்படும் பாட்காஸ்ட்டும் நூலகத்தை மாற்றி வருவதாக இன்று பலரும் எழுதுகிறார்கள். அந்த மாற்றம் இணையத்துக்கு வெகு முன்பே, பார்வையற்ற வாசகர்களுக்காக நூலகங்கள் செய்த வேலையில் தொடங்கியது.

இசைத்தட்டில் ஏறிய நாவல்

எடிசன் 1877இல் ஃபோனோகிராஃப் கருவியை உருவாக்கினார். மறு ஆண்டு அமெரிக்க இதழ் ஒன்றில் அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது, பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் நூல்களையும் சேர்த்திருந்தார். எண்ணம் நல்லதுதான், கருவிதான் ஒத்துழைக்கவில்லை. தொடக்கக்கால உருளையில் சில நிமிடப் பேச்சு மட்டுமே அடங்கியது. பின்னர் வந்த 78 சுழற்சி இசைத்தட்டிலும் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடங்கள்தான். ஒரு நாவலைக் கேட்டு முடிப்பதற்குள் தட்டை மாற்றி மாற்றியே கை ஓய்ந்துவிடும்.

1931இல் அமெரிக்காவில் பிராட்-ஸ்மூட் சட்டம் நிறைவேறியது. பார்வையற்ற பெரியவர்களுக்கு நூல்கள் வழங்க, ஆண்டுக்கு ஒரு இலட்சம் டாலரை அது காங்கிரஸ் நூலகத்துக்கு ஒதுக்கியது. (அதே 1931இல்தான் சென்னையில் எஸ். ஆர். ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர் அவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. கண் தெரியாதவரும் அந்த 'ஒவ்வொரு'வில் அடக்கம்.) முதலில் பிரெயில் நூல்களுக்கு மட்டுமே இருந்த இத்திட்டத்தில் 1934இல் பேசும் நூல்கள் சேர்ந்தன. நிமிடத்துக்கு 33⅓ முறை மெதுவாகச் சுழலும் இத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடங்கள் கிடைத்தன. இதே வேகத்தில் சுழலும் 'எல்.பி.' இசைத்தட்டைக் கொலம்பியா நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது 1948இல். இசை இரசிகர்களுக்கு 14 ஆண்டுகள் முன்பே நூலக வாசகர்கள் அதைப் பயன்படுத்திவிட்டார்கள்.

பிரிட்டனில் முதல் உலகப் போரில் பார்வை இழந்து திரும்பிய வீரர்கள் பலர் இருந்தனர். வளர்ந்த வயதில் விரல் நுனியால் பிரெயில் படிக்கப் பழகுவது எளிதன்று. அதே போரில் பார்வை இழந்த இயன் ஃபிரேசர் முன்னின்று உழைத்ததில், 1935 நவம்பரில் அங்கும் பேசும் நூல் நூலகம் தொடங்கியது. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும், ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்' கதையும் முதலில் வந்தவற்றுள் அடங்கும். கான்ராட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடாவும் பக்க எண்ணும்

பிலிப்ஸ் நிறுவனத்தின் கேசட் 1963இல் வந்தது. விலை மலிவு, தபாலில் அனுப்பவும் எளிது. குறை ஒன்றுதான்: அதில் பக்கத்தைப் புரட்ட முடியாது.

என் அனுபவத்தில் ஒன்று. பார்வையற்ற மாணவர் ஒருவருக்காகப் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடங்களைக் கேசட்டில் வாசித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்து, "ஐயா, மூணாவது பாடம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல" என்றார். அடுத்த முறை ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் மேசையை இரண்டு முறை தட்டிப் பதிவு செய்தேன். பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டுப் பேசும் நூல்களில் இதற்கெனத் தனி ஒலிக்குறிப்பே உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தச் சிக்கலை முறையாகத் தீர்த்தது டெய்சி. ஸ்வீடன் நாட்டுப் பேசும் நூல் நூலகத்தில் தொடங்கிய முயற்சி இது. 1996இல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து இதற்கான கூட்டமைப்பை ஏற்படுத்தின. டெய்சி நூலில் அத்தியாயத்துக்கும் பக்கத்துக்கும் நேரே தாவலாம், இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் தொடரலாம். அச்சு நூலில் நாம் யோசிக்காமலே செய்யும் காரியங்கள் இவை.

வீடு தேடி வந்த ஓடை

பாட்காஸ்ட்டின் இயக்கம் புரிய வேண்டுமானால் பருவ இதழ்ச் சந்தாவை நினைத்துப் பாருங்கள். சந்தா கட்டிவிட்டால் இதழ் தானாக வரும். ஆர்எஸ்எஸ் என்ற செய்தியோடையும் அப்படித்தான். ஓர் இணையதளம் தன்னிடம் புதிதாக வந்தவற்றின் பட்டியலை ஒரு சிறு கோப்பில் வைத்திருக்கும். வாசகரின் செயலி அதை அவ்வப்போது பார்த்துப் புதியதை எடுத்துவரும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் அந்தப் பட்டியலில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்க்க வழி செய்தார். 2003இல் வானொலியாளர் கிறிஸ்டோபர் லைடனின் நேர்காணல்கள் இவ்வழியில் பரவின. 2004 பிப்ரவரியில் 'கார்டியன்' நாளிதழில் எழுதிய பென் ஹேமர்ஸ்லி 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 2005 ஜூனில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த இரண்டு மாதங்களில், 2005 ஆகஸ்டில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹியூ மெக்குவயர் லிப்ரிவாக்ஸைத் தொடங்கினார். காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் ஆளுக்கோர் அத்தியாயமாக வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்வது, பதிவையும் உரிமை கோராமல் பொதுவுக்கே விட்டுவிடுவது என்பது திட்டம். முதலில் வாசித்த நூல் 'தி சீக்ரெட் ஏஜென்ட்'. ஆசிரியர் அதே ஜோசப் கான்ராட்! திட்டமிட்டு நடந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் எழுபது ஆண்டு இடைவெளியில் இந்த ஒற்றுமை எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1935இல் ஒலிக்கூடமும் தட்டு அச்சிடும் ஆலையும் தேவைப்பட்ட வேலைக்கு, 2005இல் ஒரு கணினியும் ஒலிவாங்கியும் போதுமானவையாக இருந்தன.

காப்பது யார்?

நூலகம் ஒரு நூலை வாங்கினால் அதற்குச் சேர்க்கை எண் போட்டு, வகைப்படுத்தி, அலமாரியில் வைக்கும். பாட்காஸ்ட் ஓடையில் இருப்பது முகவரி மட்டுமே. ஒலிக்கோப்பு எங்கோ ஒரு வழங்கியில் இருக்கிறது. நடத்துபவர் அந்த வழங்கிக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால் நிகழ்ச்சி மறைந்துவிடும். நூலகங்கள் செயலி வழியாக இரவல் தரும் ஒலிநூல்களில் பலவும் உரிமக் காலத்துக்கு உட்பட்டவை. காலம் முடிந்தால் திரும்பப் பணம் கட்ட வேண்டும். இதை நூலகம் 'வாங்கியது' என்று சொல்வது சரியா என்பதே எனக்குச் சந்தேகம்.

பெரிய நூலகங்களும் தப்பவில்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. இணையப் பட்டியல்கூட 2024 சனவரியில்தான், அதுவும் ஓரளவே, திரும்பியது. லிப்ரிவாக்ஸ் பதிவுகளைத் தாங்கி நிற்கும் இணைய ஆவணக்காப்பகமும் 2024 அக்டோபரில் தாக்குதலால் சில நாட்கள் முடங்கியது. அச்சு நூல்கள் அலமாரியில் பத்திரமாகவே இருந்தன.

சட்டத்தில் முன்னேற்றம் உண்டு. பார்வையற்றோருக்கான வடிவங்களை உரிமைத் தடையின்றி உருவாக்கவும் நாடுகளிடையே பகிரவும் வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா (2014). 2016இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது.

நம் மொழியில் உள்ள நிலையையும் பாருங்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை என்பதால் 'பொன்னியின் செல்வ'னைப் பலர் தம் குரலில் வாசித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எது முழுமையானது? எதில் அத்தியாயம் விடுபட்டிருக்கிறது? எந்தப் பதிப்பைப் பார்த்து வாசித்தார்கள்? ஒரு மாணவர் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. அச்சுப் பதிப்புகளுக்கு நூலகர்கள் எழுதும் அட்டையைப் போல, இந்தக் குரல்களுக்கும் வாசித்தவர் பெயர், பதிப்பு, ஆண்டு, மொத்த நேரம் என்று நான்கு வரி எழுதி, கோப்பின் படி ஒன்றையும் எடுத்து வைக்கலாம். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.