படிக்க முடியாத எழுத்து

அரூப ஓவியத்துக்கு மொழி கிடையாது, ஆகவே நாடும் கிடையாது என்று வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை முன் இந்த வாதம் நிற்காது என்று நினைக்கிறேன்.

1911இல் கோவையில் பிறந்தவர். 1957இலிருந்து பத்தாண்டுகள் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர். 1954இல் லண்டனிலும் பாரிசிலும் படங்களைக் காட்டிவிட்டு வந்தவர். ஐரோப்பிய நவீனத்தை நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு இந்தியன் ஐரோப்பாவுக்கு எதற்கு? 1963இல் தொடங்கிய வரிசையை இந்தக் கேள்வியிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. முதலில் கணக்குக் குறிகள், எண்கள், ரோமன் எழுத்து. பிறகுதான் மலையாளம்.

மலையாளம் என்றும் சொல்லிவிட முடியாது. சுழியும் வளைவும் இருக்கின்றன; சொல் இல்லை. அறிந்த எழுத்தைக் கண் வெறும் கோடாகப் பார்ப்பதில்லை, பட்டவுடன் படித்துவிடும். மலையாளம் தெரிந்தவன் கண் இடமிருந்து வலமாக ஓடுகிறது, தடுக்குகிறது, வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. தெரியாதவனுக்குத் தடுக்கலே இல்லை. ஆரம்பத்திலிருந்தே அது கோட்டின் அடர்த்திதான். ஒரே சட்டத்துக்குள் இரண்டு படங்கள். தமிழ்க் கண் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பாதி எழுத்துகள் தூரத்துச் சொந்தக்காரர்கள் போலிருக்கின்றன, பெயர்தான் வருவதில்லை.

ஜாதகத்தை நினைவூட்டும் கட்டங்களும் அப்படித்தான். நடுவில் வெற்றிடம், சுற்றிப் பன்னிரண்டு கட்டம் என்றால் நமக்குக் கல்யாணம், சாவு, சனி எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். வடக்கே ஜாதகம் என்பது மூலைவிட்டங்களால் பிரிந்த சதுரம். அந்தக் கண்ணுக்கு நம் கட்டம் ஜன்னலாகத் தோன்றலாம். ‘இந்தியத்தன்மை’ என்று ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

மோண்ட்ரியன் மரத்தைக் கிளை கிளையாகக் கழித்துக் கிடைக்கோட்டுக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் வந்தார். பணிக்கரிடம் மீனும் பறவையும் பாம்பும் இருந்தபடியே இருக்கின்றன. கழிந்தது அர்த்தம்.

ஆபத்தும் இதிலேயே இருந்தது. எழுத்து, எந்திரம், பிந்து எல்லாம் எழுபதுகளில் பலர் கையில் அடையாளச் சீட்டாகிவிட்டன, கேட்கிற இடத்தில் நீட்டுவதற்கு. பணிக்கரின் சில படங்களே அலங்காரத்தில் நின்றுவிடுகின்றன. பத்தி பத்தியாக ஒழுங்காய் நிரம்பியிருக்கும், கண் எங்கும் தடுக்காது.

அதே பள்ளியில் படித்த ஆதிமூலம் வேறு வழியில் போனார். சிறுபத்திரிகைகளுக்குக் கோட்டோவியமும் தலைப்பெழுத்தும் தந்த கை, வண்ண அரூபத்துக்கு வந்தபோது எழுத்தை வெளியே விட்டுவிட்டது. குறி ஒன்றும் இல்லாத அந்தப் படங்களில் மண்ணும் வெக்கையும் எனக்குப் பிடிபடுகின்றன. லண்டன்காரனுக்கும் பிடிபடுமா என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.