எந்த விமானத்தில் ஏறுவது? – சாணக்யபுரியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கடல் கடந்து செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகச் சிறப்பையும், கடாரம் கொண்ட சோழனின் கப்பற்படையையும் ஆண்டு மலர்தோறும் படித்து மகிழ்ந்து வருகிறோம். அவற்றை ஈண்டு மீண்டும் விரிக்கப் புகவில்லை. நம் காலனி வீடுகளில் அடிக்கடி எழுகின்ற ஒரு சிறு கேள்வியின் வரலாற்றையே ஆராய விரும்புகிறோம். மகளோ மகனோ அயல்நாட்டில் இருக்கிறார். பேரக் குழந்தை பிறக்கப் போகிறது. பாட்டி துணையின்றித் தனியே புறப்பட வேண்டும். எந்தக் கம்பெனி விமானத்தில் டிக்கெட் வாங்குவது? மாலையில் பூங்காவில் கூடும் பெரியவர்கள் இதைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு வழங்குவதை யாவரும் அறிவர். ஆனால், இவ்வாறு தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கைக்கு வந்து சேர்ந்தது அண்மைக் காலத்தில்தான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு முன் நமக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள் வேறு பலர்.

இவ்வாராய்ச்சிக்குச் சாணக்யபுரியைக் காட்டிலும் பொருத்தமான இடம் இல்லை எனலாம். கிழக்கே சப்தர்ஜங் விமானத் தளம். ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு வில்லிங்டன் பெயர் வழங்கிற்று. தென்மேற்கே பாலம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோன்றி, 1962-இல் பயணிகள் போக்குவரத்தை ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டிற்கும் நடுவே, 1950-களில் அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென்று வகுக்கப்பட்டதே நம் பகுதி. அமெரிக்கத் தூதரகக் கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. ஊருக்குப் பெயர் தந்த சாணக்கியரின் அர்த்தசாஸ்திரத்தில் கப்பல் அதிகாரிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. முதியோர், குழந்தைகள், நோயாளிகள், கர்ப்பிணிகள் முதலானோர்க்கு ஓடத்தில் கட்டணமின்றி ஆற்றைக் கடக்க முத்திரைச் சீட்டு வழங்க வேண்டும் என்று அதில் விதிக்கப்பட்டிருக்கிறது. நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சலுகையைத் தரும் விமானக் கம்பெனி எதுவும் இதுவரை தோன்றவில்லை!

விமானப் போக்குவரத்தின் தொடக்கத்தைச் சுருங்கக் காண்போம். லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச்சு 30-ஆம் நாள் தன் சேவையைத் தொடங்கிற்று. ஏழு நாள் பயணம். கட்டணம் 130 பவுன். பயணி வழியில் ஐரோப்பாவில் ரயிலேறி, மத்தியதரைக் கடலைக் கடல் விமானத்தில் கடந்து, எகிப்தில் வேறு விமானம் மாற வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் அவ்வழி டில்லி வரை நீண்டது. 1930-களில் ஆங்கிலேய, டச்சு, பிரெஞ்சுக் கம்பெனிகள் மூன்றுமே கிழக்கே செல்லும் வழியில் நம் நாட்டின் மீது பறந்தன. ஆயினும் அவை தத்தம் பேரரசுகளின் தபாலையும் அதிகாரிகளையும் சுமக்கப் பிறந்தவையே. நம்மவர் அவற்றை அண்ணாந்து பார்த்தனர், அவ்வளவே.

தமிழகம் இவ்வரலாற்றினுள் நுழைந்தது 1932 அக்டோபரில். 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தம் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை ஓட்டிச் சென்றவர் நெவில் வின்சென்ட். அதில் வந்தது தபால் மூட்டை. இலண்டனிலிருந்து கராச்சிக்கு வந்த கடிதம் அங்கிருந்து வான்வழியே சென்னை சேர்ந்தது. பிற்காலத்து ஏர் இந்தியாவின் தோற்றுவாய் இத்தபால் வழியே என்பதும், அதன் ஒரு முனை சென்னை என்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கவை.

விடுதலைக்குப் பின் 1948 ஜூன் 8-ஆம் நாள், ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டன் சென்றது. கட்டணம் ரூ. 1,720 என்று விளம்பரம் செய்தார்கள். அத்தொகையின் எடையை நம் காலனிக் கணக்கில் நிறுத்துப் பார்ப்போம். முதலாவது சம்பளக் கமிஷன் அமைத்த விகிதப்படி, தலைமைச் செயலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்த ஒருவரின் தொடக்கச் சம்பளம் அகவிலைப்படி நீங்கலாக மாதம் ரூ. 55. முப்பத்திரண்டு மாதச் சம்பளத்தை ஒரு காசும் செலவிடாமல் சேர்த்தால் ஒரு வழிப் பயணத்திற்குப் போதும். திரும்பி வர மேலும் அவ்வளவு! எனவே நம் முன்னோர்க்கு அன்று விமானம் என்ற கேள்வியே எழவில்லை. மலாயாவில் உறவினரை உடைய குடும்பங்கள் சென்னைத் துறைமுகத்தில் ‘ரஜுலா’க் கப்பலில் ஏறின, பினாங்கு, சிங்கப்பூர் வழியில் அக்கப்பல் 1973 வரை ஓடிற்று. சென்னை வழியாகச் சிங்கப்பூருக்கு ஏர் இந்தியா 1954-இல் பறக்கத் தொடங்கிய பிறகும், மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற கூட்டம் குறையவில்லை.

பணம் உடையவர்களாவது விரும்பியபடி தேர்ந்தார்களா எனின், அதுவும் இல்லை. சிகாகோவில் 1944 டிசம்பரில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்நாட்டிற்கே முழுவுரிமையானது என்று உறுதி செய்தது. ஆகவே எந்த நாட்டு விமானம் எங்கே இறங்கலாம், வாரத்திற்கு எத்தனை முறை பறக்கலாம் என்பதை இரண்டு அரசுகள் மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசி முடித்தன. இந்தியாவும் அமெரிக்காவும் 1946-இல் செய்த ஒப்பந்தத்தை, தன் கம்பெனிக்கு அது பாதகம் என்று கருதி இந்தியா 1954-இல் முறித்துக்கொள்ள முன்வந்தது. புதிய ஒப்பந்தம் 1956 பிப்ரவரியில் ஏற்பட்டது. பயணியைக் கேட்டு யாரும் இதைச் செய்யவில்லை.

கட்டணமும் அவ்வாறே. 1945-இல் ஹவானா நகரில் அமைந்த பன்னாட்டு விமானக் கம்பெனிகளின் சங்கம் ஒவ்வொரு வழிக்கும் ஒரே கட்டணத்தை வகுத்தது. அரசுகள் அதற்கு இசைவு தந்தன. எந்தக் கம்பெனியில் ஏறினாலும் விலை ஒன்றே! இதன் விளைவு வேடிக்கையானது. விலையில் போட்டியிட இயலாத கம்பெனிகள் உபசாரத்தில் போட்டியிட்டன. ஏர் இந்தியாவின் தலைப்பாகை மகாராஜா 1946-இல் பிறந்தவர். விலை ஒன்றாக இருந்த காலத்தில் அவருடைய வணக்கத்திற்குத்தான் மதிப்பு. 1958-இல் அட்லாண்டிக் கடல் வழியில் குறைந்த கட்டண வகுப்பு வந்தபோது, அவ்வகுப்பில் சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்று விதி செய்தனர். ஸ்காண்டிநேவியக் கம்பெனி ஒரு துண்டு ரொட்டியின் மீது இறைச்சியும் மீனும் காய்களும் மலைபோல் அடுக்கி அதையும் சாண்ட்விச் என்றே பெயரிட்டுப் பரிமாறிற்று. அமெரிக்கக் கம்பெனி முறையிட, சாண்ட்விச் என்றால் என்ன என்று பல நாட்டு வல்லுநர் கூடி ஆராய்ந்து, ஸ்காண்டிநேவியருக்கு அபராதம் விதித்தனர். இட்லிக்கு இத்தகைய வழக்கு நேர்ந்திருப்பின் சட்டினியின் அளவு குறித்து நம்மவர் எத்துணை நாள் வாதாடியிருப்பர்!

இனி அச்சத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில், பெரியவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். உலகின் முதல் ஜெட் பயணி விமானமான ‘காமெட்’ 1952 மே 2-ஆம் நாள் லண்டனிலிருந்து தன் சேவையைத் தொடங்கிற்று. விரைவில் கீழ்நாடுகளுக்கும் வந்தது. விசிறி விமானத்தினும் வேகமும் அமைதியும் மிக்கதாதலின் வசதியுள்ளோர் அதையே நாடினர். சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து நம் டில்லியை நோக்கிப் புறப்பட்ட காமெட் ஒன்று புயல் மேகத்தில் சிதறி, அதில் இருந்த 43 பேரும் மாண்டனர். 1954-இல் மேலும் இரண்டு விமானங்கள் கடலில் வீழ்ந்தன. கடலில் வீழ்ந்தவற்றின் காரணத்தை அறிய இங்கிலாந்தில் ஒரு காமெட் உடலைப் பெரிய நீர்த்தொட்டியில் இட்டு, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உலோகம் களைத்து விரிசல் காண்பதே காரணம் என்று தெரிந்தது. அவ்வறிவு பின்னர் எல்லாக் கம்பெனிகளின் விமானங்களுக்கும் பொதுச் சொத்தாயிற்று. மலபார் பிரின்சஸும் 1950 நவம்பரில் பிரெஞ்சு நாட்டு மோன் பிளாங்க் மலையில் மோதி 48 பேரைப் பலிகொண்டது. அதே மலையில் 1966 ஜனவரியில் ‘காஞ்சன்ஜங்கா’ விமானம் வீழ்ந்தபோது விஞ்ஞானி ஹோமி பாபாவை இழந்தோம். புதியது, விரைவானது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்வது அறிவுடைமை ஆகாது என்பது நம் கருத்து.

1950-களின் இறுதியில் வேறொரு தடை வந்தது. அந்நியச் செலாவணி வறண்டது. ரிசர்வ் வங்கியின் ‘பி’ படிவம் இல்லாமல் வெளிநாட்டு டிக்கெட் வாங்க இயலாது. பாஸ்போர்ட்டோ அரசு மனம் வைத்துத் தரும் கொடையாகக் கருதப்பட்டது. இந்நிலையை மாற்றியது சத்வந்த் சிங் சாஹனி வழக்கு. புது டில்லி உதவிப் பாஸ்போர்ட் அதிகாரியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட அவ்வழக்கில், அயல்நாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1967 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. இன்று எந்த விமானம் என்று நாம் வாதாடுகிறோமே, ‘போகலாமா’ என்ற கேள்வி தீர்ந்த பின்னரே ‘எதில் போகலாம்’ என்ற கேள்விக்கு இடமுண்டாயிற்று. இத்தீர்ப்பை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

படிக்கச் சென்ற பிள்ளைகளுக்கு மாஸ்கோ வழி கைகொடுத்தது. டில்லி–தாஷ்கண்ட்–மாஸ்கோ சேவையை ஏர் இந்தியா 1958 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. சோவியத் நாட்டு ஏரோபிளாட்டும் அக்காலத்திலேயே டில்லிக்கு வந்தது. பின்னாளில், 1970-களிலும் 80-களிலும், ஐரோப்பாவுக்கும் அதற்கு அப்பாலும் மலிவாகச் செல்ல ஏரோபிளாட் என்பது மாணவரிடையே பெயர் பெற்றது. மாஸ்கோவில் நெடுநேரம் காத்திருத்தல், குளிர், உருளைக்கிழங்கு ஆகியவை அதன் விலையின் மற்றொரு பகுதி. அயல்நாட்டில் வேலை பார்த்தவர் அங்கேயே பணம் கட்டிப் பெற்றோர்க்கு ‘பி.டி.ஏ.’ அனுப்புவதும் உண்டு. அங்ஙனம் வரும்போது கம்பெனியைத் தேர்ந்தவர் மருமகனே அன்றி மாமனார் அல்லர்.

அரசு ஊழியர் நிறைந்த நம் காலனிக்கு இன்னொரு தனிக் கட்டுப்பாடும் இருந்தது. அரசுச் செலவில் செல்வோர் ஏர் இந்தியாவிலேயே செல்ல வேண்டும் என்று நிதி அமைச்சு 2009 ஜூலையில் வலியுறுத்தி ஆணையிட்டது. 1953-இல் நாட்டுடைமையான அக்கம்பெனி 2022 ஜனவரி 27 அன்று மீண்டும் டாட்டா குழுமத்திடம் சென்றது. அதன் பின்னர் வந்த விதிகள், குறித்த மூன்று முகவர்களிடம் கிடைக்கக்கூடிய மலிவான கட்டணத்தைப் பார்க்கச் சொல்லின. தேர்வு செய்யும் பழக்கமே இல்லாமல் ஓய்வு பெற்ற பலர், முதன்முறையாகச் சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுக்கும்போது திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

இதற்கிடையே அமெரிக்கா 1978-இல் தன் உள்நாட்டுக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. பிற நாடுகளும் மெல்லத் தொடர்ந்தன. ஒரே விலை என்னும் ஏற்பாடு கரைந்தது. 1985 அக்டோபரில் துபாயின் எமிரேட்ஸ் கராச்சிக்கும் பம்பாய்க்கும் பறந்து பிறந்தது. வளைகுடாவில் இறங்கி மாறிச் செல்வது வழக்கமாயிற்று. ஏர் இந்தியாவும் 2015 டிசம்பரில் டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லாமல் பறந்தது.

இவ்வளவு விரிந்த தேர்வையும் வானத்து எல்லைகள் இன்றும் சுருக்கிவிடுகின்றன. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது ருஷ்ய வான்வெளி மேல்நாட்டுக் கம்பெனிகளுக்கு மூடப்பட்டது. இந்திய விமானங்கள் அதன் மீது பறந்து நேரத்தை மிச்சப்படுத்தின. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது நிலைமை தலைகீழாயிற்று. டில்லியிலிருந்து மேற்கே செல்லும் இந்திய விமானங்கள் தெற்கே சுற்றிச் சென்றன. அவ்வாண்டு செப்டம்பரில் டில்லி–வாஷிங்டன் நேர் சேவையே நின்றது. ஒரே வாசலில் இரு தூதரகங்கள் முகங்கோணினால் பாட்டியின் பயணம் சில மணி நேரம் நீள்கிறது!

ஆகவே பாட்டியைத் தனியே அனுப்புவோர் விலையை மட்டும் பார்த்தல் போதாது. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். பன்னாட்டுப் பயணத்தில் பொறுப்பை வகுக்கும் மாண்ட்ரீல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. ஒரே ஒப்பந்தமாக வாங்கிய சீட்டில் முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால் மாற்று வழி செய்யும் கடமை கம்பெனியைச் சாரும். தனித்தனியே இரண்டு மலிவுச் சீட்டு வாங்கியவர் நடுவழியில் தாமே வழி தேட நேரும். மாறும் ஊரில் விமான நிலையத்தை விட்டு வெளியேறாதவருக்கும் விசா கேட்கும் நாடுகள் உண்டு. விசாவின்றி அமெரிக்க மண்ணில் விமானம் மாறும் வசதியை அந்நாடு 2003 ஆகஸ்டில் நிறுத்தியது. இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. பணம் கட்டுமுன் அந்தந்தத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். அவற்றிற் பல நாம் மாலையில் நடந்து செல்லும் சாந்தி பாதையிலேயே இருக்கின்றன. சக்கர நாற்காலியும் சைவ உணவும் டிக்கெட் வாங்கும்போதே எழுதி வைக்கப்பட வேண்டும். மாறும் இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். பாட்டியின் கைப்பையில், போய்ச் சேரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும், “எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும்” என்னும் ஆங்கில வரியும் எழுதிய தாள் ஒன்று மேலாக இருக்கட்டும்.