பெருக்கியை அளந்த கதை



முன்னாளில் சந்தையில் நெல் வாங்கும்பொழுது மரக்காலில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தோம். துணி வாங்கும்பொழுது அளவுகோலைக் கவனிக்கிறோம். ஆனால் மேடைகளில் நம் குரலைப் பெரிதாக்கித் தரும் பெருக்கியை வாங்கும்பொழுது மட்டும், பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் அவ்வாறு நம்பி ஏமாந்தவன். பள்ளிக்கென்று வாங்கிய பெருக்கியின் முகப்பில் ‘100 வாட்’ என்று எழுதியிருந்தது. ஆண்டு விழாவன்று ஒரு சிறுமி வரவேற்புரை நிகழ்த்தினாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒலியைச் சற்றுக் கூட்டினோம். அவ்வளவுதான், சொற்கள் உடைந்து கரகரவென்று சிதறின. அவையோர் சிரித்தனர். அவள் உரையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணீரோடு மேடையை விட்டிறங்கினாள். குற்றம் அவளுடையது அன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் அதை மெய்ப்பிக்க என்னிடம் அளவுகோல் ஏதும் இல்லை.

அந்த அளவுகோல் எவ்வாறு பிறந்தது, இன்று எவ்வாறு மாணவர் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பெருக்கி என்று நான் குறிப்பது மரத்தில் கட்டும் கூம்பை அன்று. அதற்குப் பின்னே இருந்து, மைக்கிலிருந்து வரும் நலிந்த மின்னலையைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயரைத்தான் குறிக்கிறேன். அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906 ஆம் ஆண்டில் உருவாக்கிய மூன்று மின்முனைக் குழலே இதன் மூதாதை. அதைச் செப்பனிட்டுத் தொலைபேசிக் கம்பியில் இடையிடையே பொருத்தியதனால், 1915 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பேசியவர் குரலைச் சான் பிரான்சிஸ்கோவில் கேட்க முடிந்தது. ஆனால் ஒரு தொல்லை எழுந்தது. ஒவ்வொரு பெருக்கியும் மூல ஒலியோடு தன் திரிபையும் சிறிது சேர்த்தது. வாய்மொழியாகச் செல்லும் செய்தி ஊர்தோறும் மாறுவதுபோல், பல பெருக்கிகளைக் கடந்த குரல் உருமாறிப் போயிற்று.

இதற்குத் தீர்வு கண்டவர் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் ஹரால்டு பிளாக். 1927 ஆகஸ்டு 2 ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பணிக்குச் செல்லும்போது, அவர் உள்ளத்தில் ஒரு கருத்து உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளின் வெற்றிடத்திலேயே அதை வரைந்துகொண்டார். ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவன் எழுதுகிறான். எழுதியதை உடனே படித்துக் காட்டச் செய்து, ஆசிரியர் பிழையை அப்போதே திருத்துகிறார். பிளாக் செய்ததும் இதுவேதான். பெருக்கியிலிருந்து வெளிவரும் அலையில் ஒரு பங்கை உள்வாயிலுக்கே திருப்பி அனுப்பி, மூலத்தோடு எதிரிடையாகக் கலந்தார். வேறுபாடு தன்னைத்தானே திருத்திக்கொண்டது. எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர்பெற்ற இந்த முறைக்குக் காப்புரிமை கிடைக்க 1937 வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

திரிபு குறையக் குறைய, எஞ்சிய திரிபை அளப்பது அரிதாயிற்று. அழுக்கடைந்த நீரால் துணியை அலசி அதன் தூய்மையைச் சோதிக்க முடியுமா? பெருக்கியைச் சோதிக்கத் தூய ஒற்றைச் சுருதி வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவரான வில்லியம் ஹியூலெட், அலையியற்றி ஒன்றில் சாதாரணச் சிறு மின்விளக்கைப் பொருத்தினார். அலை மிகுந்தால் இழை சூடேறி அதன் மின்தடை கூடும். அலை தணிந்தால் தடை குறையும். இவ்வாறு அலை ஒரே அளவில் நின்றது. நண்பர் டேவிட் பக்கார்டோடு 1939 இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருள் இதுவே. இவ்வகைக் கருவிகள் எட்டினை, ‘ஃபேண்டேசியா’ திரைப்படத்திற்காக வால்ட் டிஸ்னியின் நிறுவனம் வாங்கியது.

அன்றைய அளவுமுறை எளியது. தூய சுருதியைப் பெருக்கியினுள் செலுத்துவர். வெளிவருவதிலிருந்து அந்தச் சுருதியை மட்டும் வடிகட்டி நீக்குவர். எஞ்சி நிற்பது பெருக்கி தானாகச் சேர்த்த கலப்படம். அதை நூற்றில் இத்தனை பங்கு என்று குறிப்பர். 1947 இல் இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வில்லியம்சன் வெளியிட்ட 15 வாட் பெருக்கி, திரிபை 0.1 விழுக்காட்டுக்கும் கீழே கொணர்ந்து பெரும்புகழ் பெற்றது.

அளவுகோல் இருந்தும் வாணிகத்தில் பொய் ஒழியவில்லை. ஒரு கணம் மட்டும் எழும் உச்ச ஆற்றலை, எப்போதும் தருவதுபோல் விளம்பரம் செய்தனர். எனவே 1974 இல் அமெரிக்க அரசு ஒரு விதி வகுத்தது. வாட் கணக்கைச் சொல்லும்போது, அது தொடர்ந்து தரும் ஆற்றலா, எத்தனை ஓம் சுமையில், எந்த அலைவெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபோடு என்பவற்றையும் சொல்ல வேண்டும் என்றது. இந்தத் துணைக்கேள்விகளுக்கு விடையில்லாத வாட் கணக்கு, அலகு எழுதாத விடையைப் போன்றது.

இனிக் கணிப்பொறி வந்த கதையைப் பார்ப்போம். எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற கருத்தை, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆனால் கணக்கு மலைபோல் நீண்டது. 1,024 அளவீடுகளைப் பிரித்துப் பார்க்க, நேர்வழியில் ஏறத்தாழப் பத்து லட்சம் பெருக்கல்கள் வேண்டும். 1965 இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட விரைவு முறையில் ஏறத்தாழப் பதினாயிரமே போதும். 1984 இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆடியோ பிரிசிஷன்’ நிறுவனம், கணிப்பொறியால் இயங்கும் அளவுக் கருவியைச் செய்து ஆய்வுக்கூடங்களுக்கு அளித்தது. பின்னர் ஒலிப்பதிவுக்கென்று வந்த இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி, அலையை நொடிக்கு 96,000 முறை அளந்து எண்களாக்கிக் கணிப்பொறிக்கு அனுப்பவும், எண்களை மீண்டும் அலையாக்கவும் வல்லதாயிற்று. ஆகவே அலையியற்றி, வடிகட்டி, அளவுமானி ஆகிய மூன்றின் வேலையையும் ஒரு மென்பொருளே செய்கிறது.

செய்முறையைக் கேளுங்கள். பெருக்கியின் வெளிவாயிலில் கூம்புக்குப் பதிலாக, வெப்பத்தைத் தாங்கும் 8 ஓம் மின்தடையை இணைக்க வேண்டும். அதன் இரு முனைகளுக்கிடையே 2.83 வோல்ட் இருந்தால் ஆற்றல் 1 வாட், 28.3 வோல்ட் இருந்தால் 100 வாட். இன்டர்ஃபேஸ் சில வோல்ட்டுகளையே தாங்கும். ஆதலால் இரு தடைகளைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பங்கிட்டுச் சிறிதளவே உள்ளே விட வேண்டும். சில பெருக்கிகளில் வெளிமுனை இரண்டிலும் மின்னழுத்தம் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தரையோடு இணைத்தால் கருவி பழுதாகும். இதை அறிந்த ஒருவர் அருகில் இல்லாமல் தொடாதீர்கள். பிறகு 1,000 ஹெர்ட்ஸ் சுருதியைச் செலுத்தினால், திரையில் ஒரு நெடிய கோடும், 2,000, 3,000 ஆகிய இடங்களில் குட்டைக் கோடுகளும் தோன்றும். அக்குட்டைக் கோடுகளே திரிபு. அவற்றுள் ஒன்று நெடிய கோட்டினும் 60 டெசிபெல் தாழ்ந்திருந்தால், அதன் பங்கு ஆயிரத்தில் ஒன்று, அதாவது 0.1 விழுக்காடு.

ஆனால் இவை அனைத்துக்கும் முன்னே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பொன்னை உரைகல்லில் உரைப்பர். உரைகல்லையே ஐயுற்றால் என்ன செய்வது? நேர்மையான வணிகர் முதலில் வெறுந்தட்டோடு தராசின் முள்ளைப் பார்ப்பார். அதுபோல், பெருக்கியை விலக்கிவிட்டு, இன்டர்ஃபேஸின் வெளிவாயிலை அதன் உள்வாயிலோடு நேரே இணைத்து அளக்க வேண்டும். அப்போது தெரியும் திரிபு கருவியினுடையது. அதனினும் குறைந்த திரிபை அந்தக் கருவியால் பெருக்கியில் காண இயலாது. இதைச் செய்யாதவர், தம் கருவியின் குறையைப் பிறர் தலையில் ஏற்றிவிடுவர்.

நான் ஓய்வு பெற்ற பின்னர், என் பழைய மாணவர் ஒருவர் அந்தப் பள்ளிப் பெருக்கியை இம்முறையில் அளந்து காட்டினார். முதலில் வெறுந்தட்டைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார் என்பதில் எனக்குப் பெருமை. 22 வாட் வரையில் கோடுகள் ஒழுங்காக இருந்தன. அதற்குமேல் சற்றே கூட்டியதும் அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாயின. குட்டைக் கோடுகள் காடுபோல் எழுந்தன. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அன்று அழுத சிறுமியைக் காணச் சென்றேன். இன்று அவர் ஓர் ஆசிரியை. தாளை நெடுநேரம் பார்த்தார். “ஐயா, அன்று நான் கத்திவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்” என்றார்.

மாணவ நண்பர்களே! பழுது எங்கே இருக்கிறது என்று அளந்து அறியாத இடத்தில், பழி எளியவர் மேல் விழுகிறது. எண்ணைக் கண்டால் அது எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேளுங்கள். நீங்கள் அளக்கப் புகும்போது, முதலில் உங்கள் தராசைப் பாருங்கள்.